அடியில் ஓர் எண்

வங்காளம் படிக்கத் தெரியாத காலத்தில்தான் நான் வங்காளப் புத்தகங்களை அதிகம் கையாண்டேன். கொல்கத்தா சால்ட் லேக்கில் ஐந்தாம் செக்டரில் ஒரு சின்ன நிறுவனம், பெயர் வேண்டாம். மறுபதிப்புக் காணாத பழைய நாவல்கள், மாத இதழ்களின் தொகுப்புகள், சமையல் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஆள் வைத்துத் தட்டச்சு செய்து பதிப்பகங்களுக்குக் கொடுப்பார்கள். தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த பெண்கள். பராசாத்தில் ஒருவர், சோதேபூரில் ஒருவர், பெஹாலாவில் இருவர் என்று ஊர் முழுக்க இருந்தார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணிக் காசு கொடுக்க வசதியாகப் பக்கத்துக்கு ஒரு கோப்பு. சனிக்கிழமை வந்தால் பென்டிரைவ்கள் வந்து சேரும், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள்.

அவற்றைச் சேர்த்து ஒரு புத்தகத்துக்கு ஒரே கோப்பாக ஆக்குவது என் வேலை. யூனிக்ஸ் கட்டளைகள் தெரிந்தவன் என்று என்னை எடுத்திருந்தார்கள். குடியிருந்தது லேக் மார்க்கெட் பக்கம். முருங்கைக்காயும் பில்டர் காபித் தூளும் கிடைக்கும் இடம் என்பதால் தமிழர்கள் கொல்கத்தாவில் முதலில் போய் ஒண்டுவது அங்கேதான். காலையில் தமிழ் பேப்பர், பகலில் ஆங்கிலம், இடையில் உடைந்த இந்தி. வங்காளம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. கதையில் மூழ்காமல், கண் ஓரிடத்தில் நிற்காமல், எழுத்தை எழுத்தாக மட்டும் பார்ப்பவன்தான் இந்த வேலைக்குச் சரி என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சேர்க்கும் கட்டளை எளிமையானது. 'கேட்' என்று அடித்து, கோப்புகளின் பெயரைக் கொடுத்து, ஓர் அம்புக்குறி போட்டுப் புதுக் கோப்பின் பெயரைச் சொன்னால் தீர்ந்தது. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இது இருக்கிறது. இருநூறு பெயரையும் அடிக்க வேண்டியதில்லை; ஒரு நட்சத்திரக் குறி போதும். அதைப் பார்த்ததும் அந்த அடைவில் இருக்கும் பெயர்களையெல்லாம், நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல் தானே வரிசைப்படுத்தி நீட்டிக் கொடுத்துவிடும். முதல் கோப்பின் கடைசி பைட்டுக்குப் பக்கத்தில் இரண்டாம் கோப்பின் முதல் பைட் வந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் கோடு கிடையாது, இடைவெளி கிடையாது, இது இந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற குறிப்பும் கிடையாது. கோப்பின் பெயர் கோப்புக்கு வெளியே, அடைவில் எழுதியிருப்பது. சேர்த்த கணமே அது போய்விடும்.

சேர்த்தபின் சரிபார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது. 'டபிள்யூசி' என்ற கட்டளை வரிகளையும் சொற்களையும் பைட்டுகளையும் எண்ணிச் சொல்லும். நிறையக் கோப்புகளைக் கொடுத்தால் கடைசி வரியில் மொத்தமும் வரும். தனித்தனிப் பக்கங்களின் பைட் மொத்தமும் சேர்த்த கோப்பின் பைட் கணக்கும் ஒன்றாக இருந்தால் ஒரு பைட்கூடத் தொலையவில்லை என்று அர்த்தம். வரிக் கணக்கையும் அப்படியே பார்ப்பேன். இரண்டும் எனக்கு எப்போதும் ஒத்தே இருந்தன.

எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் ஒரு வயதான அம்மாள். காலேஜ் ஸ்ட்ரீட் அச்சகம் ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் தீதி. திரையில் படிக்க மாட்டார். தாளில் எடுத்துக் கொடுத்தால்தான் சிவப்புப் பேனாவைத் திறப்பார். ஒரு நாவலின் தாள்களைக் கொண்டுபோய் வைத்த அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ ஒரு தடவையாவது இதைப் படித்துப் பார்த்தாயா?"

"எனக்கு வங்காளம் படிக்கத் தெரியாது, தீதி."

"அதுதானே பார்த்தேன். முதல் தாளில் பெண் பார்க்க வருகிறார்கள். மூன்றாம் தாளில் அவளுக்குப் பேரன் பிறந்துவிட்டான். இவ்வளவு வேகமான நாவலை நான் பார்த்ததில்லை."

காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோப்புகளின் பெயர் 1, 2, 3 என்று இருந்தது. ஷெல் அவற்றை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. அகராதியில் 'க' முடிந்த பிறகுதான் 'ச' வருவது போல, 1-இல் தொடங்கும் எல்லாமும் முடிந்த பிறகுதான் 2 வரும். 1-க்கு அடுத்து 10, அதற்கடுத்து 100, பிறகு 101. பக்கங்கள் அத்தனையும் இருந்தன, பைட் கணக்கும் பிசகவில்லை. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டாலும் சீட்டு 52-தான் இருக்கும்.

திருத்துவது ஐந்து நிமிட வேலை. பெயர்களை 001, 002 என்று மாற்றினால் போதும். இல்லாவிட்டால் 'சார்ட்' கட்டளையிடம் எண்ணை எண்ணாக எடுத்துக்கொள் என்று சொல்லலாம். அன்றே மாற்றினேன். ஆனால் தீதிக்கு அது போதவில்லை. புத்தகக் கட்டு வேலை பார்க்கும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன் என்று ஒரு மத்தியானம் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

சியால்தா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பைட்டக்கானா என்று ஒரு வட்டாரம். காகிதக் கடைகளும் பைண்டிங் கொட்டில்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். காலேஜ் ஸ்ட்ரீட்டில் விற்கும் புத்தகங்களில் கணிசமானவை இங்கே தையல் போட்டவை. தள்ளுவண்டியில் அச்சடித்த தாள் வரும், மறுபக்கம் புத்தகமாகப் போகும். பசை நாற்றம். தரையில் உட்கார்ந்து நாலைந்து பேர் தாளை மடித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் அச்சகங்களில் பாரம் என்பார்களே, பதினாறு பக்கம் ஒன்றாக அடித்து மடிக்கும் தாள், அதை இங்கே ஃபர்மா என்கிறார்கள். மடித்த ஃபர்மாக்கள் வரிசையாகக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. லுங்கி கட்டிய ஒரு பெரியவர் அந்த வரிசையோரம் நடந்தபடி ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை உருவி இடது கையில் சேர்த்துக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டை எட்டியபோது கையில் ஒரு முழுப் புத்தகம். அதைத் தட்டி அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பவும் முதல் கட்டுக்குப் போனார். பேச்சுக் கொடுத்தால் பதில் சொன்னார், கை நிற்கவில்லை.

"இவருக்கும் படிக்கத் தெரியாது" என்றார் தீதி. "எண் மட்டும்தான் தெரியும். ஒரு ஃபர்மா இடம் மாறிப் போனதென்று இவர் மேல் புகார் வந்ததில்லை."

ஒரு ஃபர்மாவை எடுத்து அதன் முதல் பக்கத்தின் அடியைக் காட்டினார். ஓரத்தில் பொடி எழுத்தில் புத்தகப் பெயரின் சுருக்கமும் ஓர் எண்ணும். பழைய தமிழ்ப் புத்தகங்களிலும் பதினாறு பக்கத்துக்கு ஒருமுறை இப்படி ஓர் எண் இருக்கும். பள்ளி நாட்களிலிருந்து பார்த்திருக்கிறேன், அச்சுப் பிழை என்று நினைத்திருக்கிறேன். தாள் கலைந்தாலும் காற்றில் பறந்தாலும் வேறொரு புத்தகத்தின் தாளோடு கலந்தாலும் அந்த எண் அதோடு கூடவே போகும். வாசிப்பவருக்கு அது வேண்டாத சங்கதி. பைண்டருக்கு அதுதான் எல்லாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் புரிந்தது இதுதான். படிக்கத் தெரியாதவன் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கப்படும் ஒவ்வொரு துண்டும் தான் யார் என்பதைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்க வேண்டும். என் பக்கங்களின் எண் கோப்பின் நெற்றியில் மட்டும் இருந்தது, உடம்பில் இல்லை.

இதைக் கொல்கத்தாவில் எனக்கு முன்பே நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நகரின் வடக்கே பரானகரில் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி-2எம் என்ற கணிப்பொறி 1955-இல் அங்கே வந்து இறங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் கணிப்பொறி என்று சொல்லப்படுவது அதுதான். துளையிட்ட அட்டைகளின் காலம் அது. ஃபோர்ட்ரான் மொழி வந்தபின், எண்பது நெடுவரிசை கொண்ட அட்டையில் 73 முதல் 80 வரையுள்ளவற்றை நிரலுக்காக இல்லாமல் வரிசை எண்ணுக்காக ஒதுக்கிவைத்தார்கள். அட்டைக்கட்டு கை தவறிக் கீழே விழுந்தால், அந்த எண்ணை வைத்து இயந்திரமே திரும்ப அடுக்கிக் கொடுக்கும்.

அதே நிறுவனத்தில் 2008-இல் 'ஃபயர்' என்ற ஆராய்ச்சி முயற்சி தொடங்கியது. இந்திய மொழிகளில் தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று சோதிக்க ஒரு பொதுவான செய்தித் தொகுப்பு வேண்டுமென்று, ஆனந்தபசார் பத்திரிகையில் 2004 முதல் 2007 வரை வந்த செய்திகளில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் உள்ளேயே அடையாளக் குறிகளுக்கு நடுவே அதன் ஆவண எண் எழுதியிருக்கும். அதற்குக் கீழேதான் செய்தி. இப்படிப்பட்ட ஆயிரம் கோப்புகளை 'கேட்' போட்டு ஒரே கோப்பாக்கினாலும் எதுவும் தொலையாது. எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதன் பெயர் என்ன என்பதெல்லாம் உள்ளேயே இருக்கிறது. பைட்டக்கானா பெரியவர் பார்த்தால் தலையாட்டுவார்.

மறுவாரமே எங்கள் பக்கக் கோப்புகளில் முதல் வரியாகப் புத்தகக் குறியும் ஸ்கேன் எண்ணும் போடச் சொன்னேன். அச்சில் இருக்கும் பக்க எண்ணைப் போடலாமே என்று தட்டச்சு செய்பவர்கள் கேட்டார்கள். அது உதவாது. முன்னுரைக்குத் தனி எண், படத்தாளுக்கு எண்ணே இல்லை, பழைய புத்தகங்களில் ஒரே எண் இரண்டு முறை வருவதும் உண்டு. ஸ்கேன் எண் ஒன்றுதான் தாவாமல் போகும். ஏற்கெனவே வந்துவிட்ட கோப்புகளுக்கு 'டெயில்' கட்டளை உதவியது. கோப்பின் வாலை மட்டும் காட்டுவதற்கு என்றுதான் பலர் அதை வைத்திருக்கிறார்கள். 'முதல் வரியிலிருந்து காட்டு' என்று சொல்லிப் பல கோப்புகளை ஒன்றாகக் கொடுத்தால், ஒவ்வொன்றின் தலையிலும் அதன் பெயரைப் போட்டு வரிசையாகக் கொட்டிவிடும். தீதிக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. சந்தேகமான சொல் வந்தால் எந்த ஸ்கேனைத் திறக்க வேண்டும் என்று உடனே தெரிந்தது.

இன்னொரு தொல்லை பக்கங்கள் ஒட்டும் இடத்தில் இருந்தது. கடைசி வரியை அடித்துவிட்டு என்டர் தட்டாமல் சேமித்துவிடுவார்கள் சிலர். அடுத்த பக்கத்தின் முதல் சொல் அதோடு ஒட்டிக்கொள்ளும்; இரண்டு சொல் ஒன்றாகிவிடும். நான் நம்பியிருந்த வரிக் கணக்கு இதைக் காட்டிக்கொடுக்காது. ஏனென்றால் அந்தக் கட்டளை எண்ணுவது வரி முடிவுக் குறிகளை மட்டும்தான். ஒட்டாத பக்கத்தில் எத்தனை குறியோ, ஒட்டிய கோப்பிலும் அத்தனைதான். காட்டிக்கொடுப்பது சொல் கணக்கு. தனிப் பக்கங்களின் சொல் மொத்தத்தைவிடச் சேர்த்த கோப்பில் சொற்கள் குறைந்தால், குறைந்த அளவுக்கு எங்கோ ஒட்டியிருக்கிறது. 'கேட்' கட்டளைக்குப் பதிலாக 'ஆக்' கட்டளை வழியாக அனுப்பினால் விடுபட்ட வரி முடிவை அதுவே போட்டுவிடும். மூன்று எண்களும் ஒரே வரியில் என் கண் முன்னால் இருந்தும் நான் பார்த்துக்கொண்டிருந்தது பைட்டையும் வரியையும்தான்.

அந்தக் காலத்து விண்டோஸ் நோட்பேட் தன் பங்குக்குக் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை வைத்துவிடும். தனிக் கோப்பில் அதனால் தொந்தரவு இல்லை. சேர்த்த பிறகு புத்தகத்தின் நடுவில், ஒவ்வொரு பக்கத்தின் முதல் சொல்லிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சொற்களை எண்ணும்போது அது வேறு சொல்லாகிவிடும். சேர்ப்பதற்கு முன்பே அதை வெட்டிவிட வேண்டும் என்பதோடு நகர்கிறேன். ஏனென்றால் எண்ணால் தீராத ஒன்று பாக்கி இருக்கிறது.

ஓர் எழுத்தாளரின் எல்லாக் கதைகளையும் சேர்த்துச் சொல்லடைவு ஒன்று வேண்டும் என்று ஒரு பதிப்பகம் கேட்டது. சொற்களை வரிக்கு ஒன்றாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, ஒரேமாதிரி இருப்பவற்றை எண்ணி, அதிகம் வருவதை மேலே கொண்டுவருவது யூனிக்ஸில் நாலைந்து கட்டளையைக் குழாய் போட்டு இணைக்கும் வேலை. பெல் லேப்ஸின் டக் மெக்கில்ராய் சொன்ன யோசனையின்படி 1973-இல் யூனிக்ஸுக்குக் குழாய் வந்தது. 1986-இல் டொனால்ட் கனூத் பல பக்கம் எழுதிய சொல்லெண்ணும் நிரலை விமர்சிக்க வந்த அதே மெக்கில்ராய், ஆறு கட்டளையில் அதைச் செய்துகாட்டிய கதை கணிப்பொறிக்காரர்களிடையே பிரபலம். நானும் அப்படியே செய்து பட்டியலை எடுத்துத் தீதியிடம் கொடுத்தேன்.

"ஹடாத் ஏன் இரண்டு இடத்தில் இருக்கிறது?"

திடீரென்று என்பதற்கு வங்காளிகள் எழுதும் சொல் அது. கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும். பட்டியலில் ஒன்று மேலே, ஒன்று வெகு கீழே. இரண்டும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்று. அந்தச் சொல்லின் கடைசியில் வரும் எழுத்தை, கண்ட-த என்பார்கள், 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில்தான் தனி எழுத்தாகச் சேர்த்தார்கள். அதற்கு முன் த, நம் புள்ளி போன்ற ஹசந்தம், கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். பழைய மென்பொருள் வைத்திருந்தவர் ஒரு விதமாகவும் புதியது வைத்திருந்தவர் இன்னொரு விதமாகவும் அடித்திருக்கிறார்கள். பக்கங்கள் தனித்தனியாக இருந்தவரை இருவரும் சரி. சேர்த்ததும் ஒரு சொல் இரண்டாகிவிட்டது. பட்டியலில் ஒன்றுபோல் இரண்டு கண்ணில் பட்டும் எனக்கு உறைக்கவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாதவனுக்கு எல்லாச் சொல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதைக் கடையில் குழந்தைகளுக்கான வங்காள அரிச்சுவடி வாங்கினேன். தீதி தினமும் டீ நேரத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார். என் உச்சரிப்பைக் கேட்டுப் பக்கத்து மேசைப் பெண் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. சரளமாகப் படிக்க எனக்கு வரவே இல்லை. ஆனால் தப்பு எங்கே இருக்கும் என்று சந்தேகப்படுகிற அளவுக்கு வந்தது.

நான் கொல்கத்தாவை விட்டு வந்த பிறகு, 2013-இல், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பிரதிகள், ஆவணங்கள் துறை 'பிசித்ரா' என்ற பெயரில் தாகூரின் எழுத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக இணையத்தில் வைத்தது. சுகாந்த சௌதுரி தலைமையில் நடந்த வேலை. கையெழுத்துப் பக்கங்கள் மட்டும் 47,520. அச்சில் வந்த புத்தக, பத்திரிகைப் பக்கங்கள் 91,637. ஒரே கவிதைக்குக் கையெழுத்தில் இரண்டு வடிவம், பத்திரிகையில் ஒன்று, நூலில் ஒன்று என்று இருக்கும். எல்லாவற்றையும் கலந்து சரியான ஒன்று என்று அவர்கள் தரவில்லை. ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து வைத்து, எங்கே எது மாறுகிறது என்று ஒப்பிட்டுக் காட்டும் மென்பொருளை எழுதினார்கள். இத்தனை பக்கம் கையில் இருந்தும் ஒன்றாகக் கலக்காமல் விட்டார்களே, அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தமிழில் இந்த வேலை நிறைய நடக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலிருந்து விக்கிமூலம் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறார்கள். கண்ட-த கதை நமக்கும் உண்டு. அதே 2005, அதே 4.1 பதிப்பில்தான் தமிழுக்கு 'ஶ' வந்தது. அதனால் 'ஸ்ரீ' என்று கண்ணுக்குத் தெரிவது இரண்டு விதமாகக் கோப்பில் இருக்கக்கூடும். அதேபோலக் கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த 'கொ' ஒன்று, ஒரே குறியாக அடித்த 'கொ' ஒன்று. இந்த இரண்டு 'கொ'வையும் யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் ஒன்றாக்கிவிடலாம். 'ஸ்ரீ'யை அப்படி ஆக்க முடியாது, தேடி மாற்றத்தான் வேண்டும். திஸ்கி என்ற பழைய குறிமுறையில் அடித்த கோப்புகளை யூனிகோட் கோப்புகளோடு நேரே சேர்த்தால் பாதிப் புத்தகம் பூச்சிகளாகத் தெரியும். லினக்ஸில் இருக்கும் 'ஐகான்வ்' கட்டளைக்குத் திஸ்கி தெரியும்; முதலில் அதன் வழியாக அனுப்பிவிட்டுச் சேர்க்கலாம்.

வீட்டில் தாத்தாவின் டயரியையோ ஊர்க் கோயில் மலரையோ பழைய சிறுபத்திரிகையையோ பக்கம் பக்கமாக அடித்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலும் நூலின் பெயரையும் ஸ்கேன் எண்ணையும் எழுதுங்கள். பூச்சியம் சேர்த்து 001 என்றே எண்ணிடுங்கள். சேர்த்த பிறகு சொல் கணக்கைப் பாருங்கள், மொழி தெரிந்த ஒருவரிடம் தாளில் எடுத்துக் கொடுங்கள். எல்லாம் சரியாக வந்துவிட்டது, இனி எதற்கு என்று அந்தப் பக்கக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.